நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று ஸ்கேன் சொன்னால்: ஐவிஎஃப் கர்ப்பிணிகளுக்கு

ஐவிஎஃப் மூலம் கருத்தரித்த பெண், கழிவறைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் ரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். நானும் மாதக்கணக்கில் பார்த்தேன். அந்த நிலையில் 20ஆவது வார ஸ்கேனுக்குப் பின், "நஞ்சு கீழே இறங்கியிருக்கிறது" என்று சொன்னபோது, மாடிப்படி ஏறியதை எண்ணி இரவெல்லாம் அழுதேன்.

முதலில் அந்தச் சொல்லைத் திருத்திக்கொள்ளுங்கள். நஞ்சுக்கொடி, அதாவது குழந்தைக்கு உணவும் ஆக்சிஜனும் தரும் பிளசென்டா, இறங்குவதில்லை, கரு பதிந்த இடத்திலேயே அது வளர்கிறது. நீங்கள் நடந்ததாலோ குனிந்ததாலோ இது நேரவில்லை. ஐவிஎஃப் கர்ப்பங்களில் நஞ்சுக்கொடி கருப்பை வாயை ஒட்டிக் கீழ்ப்புறம் அமைவது சற்று அதிகம் என்பது உண்மைதான். ஆனால் கருப்பையின் கீழ்ப்பகுதி வளர்ந்து விரியும்போது நஞ்சுக்கொடியின் விளிம்பு கருப்பை வாயைவிட்டு விலகுவதால், 20ஆவது வாரத்தில் இப்படிச் சொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய 10இல் 9 பேருக்குப் பிரசவ நேரத்தில் அந்தச் சிக்கல் இருப்பதில்லை. கருப்பை வாயை முழுவதும் மூடியிருந்தாலோ, முன்பு சிசேரியன் ஆகியிருந்தாலோ விலகும் வாய்ப்பு குறைவு.

ஆகவே மருத்துவரிடம் "கீழேயா, மேலேயா" என்று கேட்காமல், கருப்பை வாயிலிருந்து விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று கேளுங்கள். 20 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக 32ஆவது வாரத்தில் மீண்டும் ஸ்கேன் செய்வார்கள். பிறப்புறுப்பின் உள்வழியாகச் செய்யும் ஸ்கேனுக்கு அஞ்ச வேண்டாம். தூரத்தைத் துல்லியமாக அளப்பது அதுதான், நஞ்சுக்கொடிக்கு அதனால் கேடில்லை. குழந்தையின் ரத்தக்குழாய்கள் கருப்பை வாயின் மேல் ஓடுகின்றனவா என்று, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள். ஐவிஎஃப் கர்ப்பங்களில் அதைத் தவறாமல் பார்க்க வேண்டும். பழைய சிசேரியன் தழும்பு இருந்தால், நஞ்சுக்கொடி அதில் ஊன்றியிருக்கிறதா என்றும் கேட்டறியுங்கள்.

எனக்கு எழுதியிருந்த 11 மில்லிமீட்டரை ஒரு நோட்டில் குறித்து, அதன் கீழே அடுத்த ஸ்கேன் தேதியையும் எழுதினேன். இரவில் எழும் கேள்விகளையும் அதிலேயே எழுதிவிட்டு, மறுநாள் மாலை அரை மணி நேரம் மட்டும் கணவரோடு அமர்ந்து படித்தேன். கவலை மறைந்துவிடவில்லை. ஆனால் நாள் முழுவதையும் அது எடுத்துக்கொள்ளவில்லை.

சிவந்த ரத்தம் வந்தால், வலி இல்லாவிட்டாலும், நின்றுவிட்டாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தமிழ்நாட்டில் 108ஐ அழைக்கலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டும் ரத்த வகை விவரமும் ஒரே உறையில் இருக்கட்டும், வீட்டில் அனைவருக்கும் அந்த இடம் தெரியட்டும். இரும்புச்சத்து மாத்திரையை விடாதீர்கள். முழுநேரப் படுக்கை ஓய்வு நஞ்சுக்கொடியை நகர்த்தாது. தாம்பத்திய உறவு, பயணம் ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்லும் வழக்கத்தையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்: ரத்த வங்கியுள்ள மருத்துவமனை அங்கே அருகில் இல்லையென்றால், அம்மாவை உங்கள் வீட்டிற்கு வரச் சொல்லுங்கள்.

உறக்கமும் பசியும் தொடர்ந்து குறைந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

36ஆவது வாரத்திலும் நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தால் சிசேரியன்தான் வழி, பெரும்பாலும் 36 முதல் 37 வாரங்களுக்குள். அதற்கான நாளையும், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கே உண்டா என்பதையும் முன்கூட்டியே கேட்டு நோட்டில் எழுதிவையுங்கள்.