சிக்மா குறியை விரித்து எழுதிப் பழகுதல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் படிவம் நான்கு மாணவர்கள், பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள், சிக்மா (Σ) குறியைக் கண்டதும் சூத்திரத்தைத் தேடுகிறார்கள். அக்குறி சூத்திரம் அன்று. இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை ஒவ்வொன்றாக இட்டு, கிடைப்பவற்றை எல்லாம் கூட்டச் சொல்லும் கட்டளை. கூட்டுத்தொகையைக் குறிக்க ஆய்லர் இந்தக் கிரேக்க எழுத்தை 1755இல் வெளிவந்த தம் நூலில் கையாண்டார்.

செம்பனைக் குலை வெட்டும் ஒருவரின் ஐந்து நாள் கணக்கு 92, 105, 88, 110, 97 என்று வைத்துக்கொள்வோம். குலை எண்ணிக்கையைக் "கு" என்று எழுதி, அதன் காலடியில் சிறிதாக "ந" என்று இட்டால், அது எந்த நாளின் கணக்கு என்பது விளங்கும். சிக்மாவின் கீழே ந = 1, மேலே 5, வலப்பக்கம் அந்தக் "கு" என்று எழுதினால் விடை 492. கீழே ந = 3 என்று மாற்றினால் 88 + 110 + 97 = 295. ஐந்தில் மூன்று போக இரண்டு நாள்தான் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். மூன்றாம் நாளும் கணக்கில் உண்டு என்பதால், கழித்தபின் 1 கூட்ட வேண்டும்.

குலைக்கு ஒரே கூலி என்றால், நாள்தோறும் கூலியால் பெருக்கிக் கூட்டினாலும், மொத்தக் குலையை ஒரே தடவை பெருக்கினாலும் சம்பளம் ஒன்றுதான். ஆகவே மாறாத எண்ணைச் சிக்மாவுக்கு வெளியே எடுக்கலாம். கூலி நாளுக்கு நாள் மாறினால் அவ்வாறு எடுக்க முடியாது. வலப்பக்கம் 4 மட்டும் நின்றால், 1 முதல் 5 வரை அதை ஐந்து முறை கூட்டி 20 என்று எழுத வேண்டும்.

தரவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியுள்ளன என்று அளக்கும் திட்டவிலக்கப் பாடத்தில், சிக்மாவின் கீழும் மேலும் வரும் எல்லைகளை எழுதாமல் விடுவதுண்டு; அங்கே எல்லாத் தரவுகளையும் கூட்ட வேண்டும். வர்க்கங்களின் கூட்டுத்தொகையும் கூட்டுத்தொகையின் வர்க்கமும் வேறு வேறு என்பதை அங்கே மறக்கவே கூடாது: 2, 3, 4 என்ற எண்களுக்கு முன்னது 4 + 9 + 16 = 29, பின்னது 9 × 9 = 81. மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால், அடைப்புக்குறி எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

நீண்ட கணக்கானாலும் முதல் மூன்று உறுப்புகளையும் கடைசி உறுப்பையும் எழுதிய பிறகே சூத்திரத்தைத் தொடுங்கள். ந = 1 முதல் 100 வரை, இருமடங்கு "ந"வுடன் 3 சேர்த்துக் கூட்டச் சொன்னால் 5, 7, 9 என்று தொடங்கி 203இல் முடிகிறது; அது ஒரே அளவில் ஏறிச் செல்லும் கூட்டுத் தொடர் என்பது கண்ணிலேயே தெரிவதால், முதலும் கடைசியுமாக 100 உறுப்புகளை 50 இணைகளாக்கி, 5 + 203 = 208 என்பதை 50ஆல் பெருக்கினால் 10,400 வந்துவிடுகிறது.