உலோகம் ஏறிய நிலத்துக்கு விதையைப் பதப்படுத்தும் முறை

பழைய பற்றரிகள் உடைக்கப்பட்ட வளவில் ஈயமும், பொசுபேற்றுப் பசளை ஆண்டுக்கணக்கில் மிகையாக இடப்பட்ட வயலில் கட்மியமும் சேர்ந்திருக்கக்கூடும். ஐயமிருந்தால் முதலில் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். அதற்கான வழியைக் கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் விசாரிக்கலாம்.

இத்தகைய மண்ணில் முதலில் தாக்கப்படுவது இளவேர். விதையை நீரில் ஊறவைத்து, முளை வெளிவருமுன் மீண்டும் உலர்த்தினால், உலோகம் உண்டாக்கும் ஒட்சியேற்றச் சிதைவைத் தணிக்கும் நொதியங்கள் விதைக்குள் முன்கூட்டியே விழித்துக்கொள்ளும். முளைகட்டி விதைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது.

விதையை ஊறவைக்கும் நீரில், தாவரங்களின் தற்காப்பைத் தூண்டும் சலிசிலிக் அமிலத்தைக் கலக்க வேண்டும்; 10 லீற்றர் நீருக்கு 700 மில்லிகிராம் போதும். சமையலறைத் தராசு இந்த அளவைக் காட்டாது என்பதால் நகைக்கடைத் தராசில் நிறுத்து, சிறிதளவு வெந்நீரில் முற்றாகக் கரைத்த பின்னரே மீதி நீருடன் கலக்க வேண்டும். இக்கரைசல் 5 கிலோ விதைநெல்லுக்கு உரியது. கட்மியம் மட்டுமே சிக்கலாயின், அமிலத்துக்குப் பதிலாக லீற்றருக்கு அரைக் கிராம் நாக (துத்தநாக) சல்பேற்றுக் கரைசலைப் பயன்படுத்தலாம். நாகமும் கட்மியமும் வேருக்குள் நுழையப் பெரும்பாலும் ஒரே வாயில்களுக்குப் போட்டியிடுபவை.

நெல்லை 24 மணித்தியாலம் வரை ஊறவிடலாம். உழுந்து, பயறு போன்றவற்றை 4 மணித்தியாலத்துக்கு மேல் ஊறவிடாதிருப்பது நல்லது; மிகையாக ஊறினால் தோல் வெடித்து முளைதிறன் கெடலாம். பின்னர் நன்னீரில் அலசி, வெயில் படாத நிழலில் பரப்பி, ஊறவைக்குமுன் இருந்த எடை திரும்பும்வரை உலர்த்த வேண்டும். அவ்விதையை நெடுநாள் சேமிக்க முடியாது; மழையை நம்பிப் புழுதி விதைப்புச் செய்யும் காலபோகத்தில், மண் ஈரமாகுமுன் அதை நிலத்தில் இடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். முழு விதையையும் ஊறவைக்குமுன், பதப்படுத்தியதில் 100, வெறும் நீரில் ஊறியதில் 100, ஊறாததில் 100 என எடுத்து, அதே வயல்மண்ணில் முளைக்கவிட்டு, வேர் நீளத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இம்முறை நாற்றைக் காக்குமேயன்றி உலோகத்தை மண்ணிலிருந்து அகற்றாது. செழித்து வளர்ந்த பயிரின் மணியிலும் கட்மியம் இருக்கலாம். தீட்டிய அரிசிக்குச் சர்வதேச உணவு நியமம் விதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். புளிப்பான மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவதும், கதிர் வெளிவரும் காலத்தில் வயலில் நீரைத் தேக்கி வைப்பதும் கட்மியத்தைக் கட்டுப்படுத்தும். ஆயினும் ஆசனிக்கு என்னும் நச்சு மூலகம் உள்ள வயலில் தேங்கும் நீர் அதையே மணிக்குள் ஏற்றுமாதலால், எந்த உலோகம் என்று அறியாமல் வாய்க்காலைத் திறக்கக் கூடாது.