அந்தி நேரத்துப் பதற்றம் அடங்கியது இப்படித்தான்

டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்த என் வீட்டுக்காரர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பொழுது சாய்ந்தால் போதும், "வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவாங்க" என்று தவிப்பார். இந்த நோயில் அந்திப் பதற்றம் சகஜம். ஜூனில் இங்கே குளிர்காலம், 5 மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். நர்ஸிடம் பேசி, இருட்டுமுன்பே அறை விளக்கைப் போடவைத்தேன். மதியத்துக்குமேல் காப்பி கிடையாது. பதற்றம் திடீரென்று கூடினால் சிறுநீர்த் தொற்றா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்வேன். அவருக்கு வலியைச் சொல்லத் தெரியாது, அதனால் இது ரொம்ப முக்கியம்.

மாமியார் இறந்ததை நான் நினைவூட்டுவதே இல்லை. கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் சாவு, பாவம். "அம்மா என்ன சமைப்பாங்க?" என்பேன். புளி கரைப்பதுபோல விரல்களைப் பிசைந்துகாட்டி மீன்குழம்புப் பேச்சில் இறங்கிவிடுவார், தவிப்பும் தணியும். சாப்பாட்டுத் தட்டு வந்து, கவனம் அதில் இருக்கும்போதே கிளம்பிவிடுகிறேன்.