பாய்ப்படகு ஓட்டம்: புறப்படும்போது விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கரையில் சோளகக் காற்று எழும்புகிற பின்னேரங்களில், கரையில் நின்று ரேடியோவால் ஓட்டும் மாதிரிப் பாய்ப்படகு விடப் பழகும் பெடியங்களுக்கு நான்தான் கிட்டத்தட்ட வாத்தியார். ஓட்டத்தின் நடுவில் அவர்கள் வடிவாகவே ஓட்டுவார்கள். எல்லாம் குழம்புவது புறப்படுவதற்கு முந்திய அரை நிமிடத்தில்.

ரேடியோ படகோட்ட விதிப்படி 2 நிமிடம் இருக்கும்போது முதல் ஒலி, 1 நிமிடத்தில் அடுத்தது. கடைசி நிமிடத்தில் 10 செக்கனுக்கு ஒருக்கால் சொல்லி, கடைசிப் பத்தையும் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். "முப்பது" என்று கேட்டதுமே புதியவர் படகை, இரண்டு மிதவைகளுக்கு இடையிலான புறப்படும் கோட்டடிக்குக் கொண்டுபோய்ப் பாயை இளக்கிவிட்டு நிற்பார். பெரிய பிழை இதுதான். சுக்கானைத் தண்ணீர் தடவி ஓடினால்தான் படகு திரும்பும்; நின்ற படகில் அதற்கு வேலையில்லை. படகு பக்கவாட்டாக நழுவி, எண்ணி முடியும்போது அணியம் (படகின் முன்முனை) காற்றை நேரே பார்த்தபடி கிடக்கும். உடனே பதறிப் பாயை இறுக்குவார், படகு இன்னும் செத்துப்போகும். பாயை இளக்கியபடியே அணியத்தைக் காற்றிலிருந்து கொஞ்சம் விலத்தி, வேகம் பிடித்த பிறகுதான் மெல்ல மெல்ல இழுக்க வேண்டும்.

அடுத்தது, நிற்கும் இடம். என் மருமகன் ஒருநாள் கோட்டைத் தாண்டித் திருப்பி அழைக்கப்படுவான், மறுநாள் மூன்று படகு நீளம் பிந்துவான். இரண்டு மிதவையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். "கோடு இங்கேயா மாமா இருந்தது?" என்றான். 2021இல் வந்த விதிமாற்றத்துக்குப் பிறகு படகின் உடல்தான் கணக்கு. அதில் ஒரு விரல் அளவு முந்தினாலும் உடல் முழுவதும் கோட்டுக்குப் பின்னால் வந்துதான் திரும்பப் புறப்படலாம்.

தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றும்போது காற்றை மணந்தே சொல்லுகிற பிள்ளை, படகு விடும்போது அதைப் பார்ப்பதே இல்லை. கோட்டின் நடுவில் படகைக் காற்றுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அணியம் எந்த மிதவைப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் புறப்பட்டால் லாபம்.

ஆனால் லாபமான மூலையில் எல்லோரும் முண்டியடிப்பார்கள். காற்று வரும் பக்கமிருந்து வந்து, மிதவைக்கும் பக்கத்துப் படகுக்கும் இடையில் மூக்கை நுழைத்து "இடம் விடு" என்று கத்துவது வீண். புறப்பட நெருங்கும்போது அந்த மிதவையில் இடம் கேட்க உரிமையில்லை. காற்று வரும் பக்கம் உள்ள படகுதான் விலக வேண்டும்; விலகாவிட்டால் ஒரு முழுச்சுற்றுத் தண்டனை.

சொல்லித் தருகிற நாங்கள் விடும் பிழையும் உண்டு. பின்னால் நின்று "இழு, திருப்பு, விடு, விடு!" என்று மூன்று பேர் கத்தினால் பிள்ளை யாருடைய சொல்லைக் கேட்பது? எடுத்தவுடன் எட்டுப் படகுக்கு நடுவில் தள்ளிவிடவும் கூடாது. போனில் எண்ணிக்கையை ஓடவிட்டு, தனிப்படகோடு பத்துத் தரம் புறப்படட்டும். கரையை நோக்கி வரும் படகில் இடம் வலம் மாறித் தெரிந்தால், படகு பார்க்கும் திசைக்கே உடம்பைத் திருப்பித் தோளுக்கு மேலால் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படிப் பழகிய மருமகன் போன கிழமை இரண்டு செக்கன் பிந்தித்தான் வந்தான். ஆனால் வந்த வேகம்! கோட்டில் பாய் படபடக்க நின்ற இரண்டு படகையும் தாண்டி, காற்றுப் போகும் பக்கத்தால் வழுக்கிக்கொண்டு போய்விட்டான். அதில் ஒன்று என்னுடையது.