வயதான அம்மா, அப்பாவின் பிறந்தநாள் கேக்கில் என்ன எழுதக் கூடாது?

கேக்குக்குப் பணம் கட்டியதும் கடைக்காரர் ஒரு துண்டுத் தாளையும் பேனாவையும் நீட்டுவார். என்ன எழுத வேண்டும்? பின்னால் வரிசை நிற்கிறது. அவசரத்தில் 'ஹேப்பி பர்த்டே' என்று போட்டு, அதற்குக் கீழே அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். பாதித் தவறு அந்த அரை நிமிடத்தில் நடந்துவிடுகிறது. எழுத வேண்டியதை வீட்டிலேயே யோசித்து முடிவு செய்துகொண்டு போங்கள்.

முதலில் அந்தப் பெயர். பெற்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் நம் வீடுகளில் இல்லை. கேக்கில் மட்டும் ஏன் வெறும் பெயர்? அம்மா, அப்பா, அத்தா, ஐயா, நைனா என்று வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அதையே எழுதுங்கள். யார் சார்பில் எழுதுகிறோம் என்பதிலும் குழப்பம் வேண்டாம். 'அம்மா' என்று தொடங்கி 'அன்புப் பேரப்பிள்ளைகள்' என்று முடிந்த கேக்கை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மொழி. என் அம்மாவுக்கு ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அப்படியிருந்தும் பல வருடங்கள் ஆங்கிலத்தில் எழுதிய கேக்கையே வாங்கிக்கொண்டிருந்தோம். அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. பேத்தியைப் பக்கத்தில் கூப்பிட்டு, "என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். தனக்கு எழுதியதை இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கு உறைக்க இத்தனை காலம் ஆனது இப்போதும் வருத்தம்தான்.

சரி, தமிழில் எழுதலாம் என்று முடிவு செய்தால் அங்கேதான் பெரிய சிக்கல். சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஆனால் நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் பேக்கரியில் கிரீம் பையைப் பிடித்திருப்பவருக்கு நம் எழுத்து ஒரு கோலம் மாதிரி. பார்த்து அப்படியே வரைவார். புள்ளியை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுவார். எங்களுக்கு 'அம்மா', 'அமமா'வாக வந்தது அப்படித்தான். அவர்மேல் தப்பில்லை, நான் சொல்லியிருக்க வேண்டும். ஆகவே பெரிதாகத் தாளில் எழுதி, ஒவ்வொரு புள்ளியையும் வட்டமிட்டு, இதுவும் எழுத்துதான் என்று சொல்லிக் கொடுங்கள். டப்பாவை மூடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கத்துக் கடைகளில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் கிடைக்க வாய்ப்பு அதிகம். அங்கேயும் எழுதப்போவது யார் என்று கேட்டுவிடுவது நல்லது.

சர்க்கரைத் தாளில் அச்சடித்து ஒட்டும் கடைகளில் வேறு தொல்லை. தமிழைச் சரியாகக் கையாளத் தெரியாத மென்பொருளில் போட்டால் கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். நீங்கள் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பி அவர்கள் அதை வெட்டி ஒட்டும்போதுதான் இப்படி ஆகும். படமாக அனுப்பினால் எழுத்து உடையாது. அனுப்புமுன் 'நாள்' என்பது 'நால்' ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். 'வாழ்த்துகள்' சரியா, 'வாழ்த்துக்கள்' சரியா என்று வீட்டில் வாக்குவாதம் வந்தால், 'வாழ்த்து' என்று போட்டு முடித்துவிடலாம்.

வாழ்த்தும் வயதுக்குப் பொருந்த வேண்டும். 'நூறாண்டு வாழ்க' என்பது அறுபது வயதுக்காரருக்கு அழகு. 93 வயது அப்பாவுக்கு அதையே எழுதினால் இன்னும் ஏழு வருடம்தான் என்று கணக்குச் சொன்னது போல ஆகிவிடும். 'பல்லாண்டு' என்றால் அந்தக் கணக்கே வராது. 75 வயதில் 'ஆயிரம் பிறை கண்ட' என்று போடுவதையும் பார்க்கிறேன். பிறைக்குப் பிறை இருபத்தொன்பதரை நாள். ஆயிரம் பிறைக்கு ஏறத்தாழ 80 ஆண்டும் 10 மாதமும் வேண்டும். 'தீர்க்காயுசா இரு' என்று சொல்வது பெரியவர்கள் நமக்குச் செய்யும் ஆசீர்வாதம். நாம் அவர்களிடம் ஆசி கேட்கலாம். 'நோய் நொடியின்றி' என்பதை நான் தவிர்க்கிறேன். காலையில் ஏழு மாத்திரை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பவருக்குக் கேக்கிலும் நோயைக் காட்ட வேண்டாம்.

வயதை எண்ணாகப் போடுவதென்றால் கேட்டுவிட்டுப் போடுங்கள். சிங்கப்பூரின் முன்னோடித் தலைமுறையினர், அதாவது 1949 முடிவதற்குள் பிறந்தவர்கள், பலருக்கு அடையாள அட்டையில் ஒரு தேதி, வீட்டில் சொல்லும் தேதி வேறு. 80 நடக்கிறதா, முடிந்துவிட்டதா என்பதிலும் நம் கணக்கு ஒன்று, அவர்கள் கணக்கு ஒன்று.

அப்புறம், கண் பார்வை. வெள்ளைக் கிரீமில் வெளிர் ரோஜா நிறத்தில் பொடி எழுத்தாக எழுதினால் கண்புரை உள்ளவருக்கு ஒன்றும் தெரியாது. அடர்ந்த நிறம், பெரிய எழுத்து, நாலைந்து சொல் போதும்.

பெயர்மேல் கத்தி வைப்பது பிடிக்காத பெரியவர்கள் நிறைய. அவர்கள் படத்தை அச்சடித்துவிட்டு அதை அவர்கள் கையாலேயே வெட்டச் சொல்வது இன்னும் சங்கடம். வாசகத்தைத் தனியாக ஒரு மெல்லிய சாக்லேட் துண்டில் எழுதி மேலே வைக்கச் சொன்னால், வெட்டுவதற்கு முன் எடுத்துவிடலாம்.

நாங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் அம்மா லிஃப்ட் கதவு மூடும்வரை வாசலில் நின்று "பாத்துப் போங்க" என்பார். போன பிறந்தநாளுக்கு அந்தச் சாக்லேட் துண்டில் 'அம்மா, பாத்துத்தான் போறோம்' என்று எழுதச் சொன்னோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, விரலை ஒவ்வொரு எழுத்தின்மேலும் கொண்டுபோய் அவரே சத்தமாகப் படித்தார். அந்தத் துண்டை யாருக்கும் தரவில்லை. இன்னும் ஃபிரிட்ஜில் ஒரு சின்ன டப்பாவில் இருக்கிறது.