பெண்கள் கபடி அணி தொடங்குவது எப்படி: அமுச்சி, அளவுநாடா, கணுக்கால்பிடி

களத்தில் 7 பேர், வெளியே 5 பேர், ஆக 12 பேர் என்பது விதிப்புத்தகக் கணக்கு. கொங்குப் பக்கத்துக் கல்லூரியில் அணி சேர்க்கிறவர்கள் 15 பெயரோடு தொடங்குங்கள். ஆவணி பிறந்தால் இரண்டு பேர் ஒறம்பரை (சொந்தக்காரர்) வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள், ஒருத்திக்குத் தங்கச்சி சீர் வரும், ஒருத்தி அரியரில் மாட்டியிருப்பாள். மீதியில் ஒருத்தியை, "பொண்ணு பாக்க வராங்க, மூஞ்சியில கீறல் இல்லாம வெச்சிரு" என்று வீட்டில் பூட்டியிருப்பார்கள். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் போட்டி நாளில் பத்துப் பேர் தேறுவார்கள். அது போதும்.

வீட்டில் அனுமதி

அப்பாவிடம் முதலில் கேட்டால் "உங்கம்மாவக் கேளு" என்பார். அம்மா "உங்கப்பாவக் கேளு" என்பார். இந்தச் சுற்றிலேயே ஒரு மாதம் கரையும். முதலில் அமுச்சியிடம் (அம்மாவின் அம்மாவிடம்) போங்கள். சேந்துகிணற்றில் தண்ணீர் இறைத்து, குறங்காட்டில் ஆடு மேய்த்து வளர்ந்த தலைமுறைக்குப் பெண் உடம்பை அசைப்பது அதிசயம் இல்லை. "உளுந்தா அடிபடுமா கண்ணு?" என்று மட்டும் கேட்பார். "மண்ணுலதானுங்க அமுச்சி ஆடறது" என்றால் முடிந்தது. அமுச்சி ஒப்புக்கொண்ட பிறகு அப்பா மறுப்பது கடினம்.

அத்தைமார் கேட்கும் கேள்விகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. "வெயில்ல கறுத்துப் போயிருவ" என்றால் பயிற்சி காலை 6 மணியிலிருந்து 7.15 வரை என்று சொல்லுங்கள். அந்நேரத்து வெயிலில் வடகம்கூடக் காயாது. "செலவு ஆகுமே" என்றால், அரசு நகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டிகளில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மண்ணில் ஆடும்வரை ஷூவும் வேண்டாம். "இதனால என்ன பிரயோசனம்" என்றால் தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதைச் சொல்லலாம். ஆனால் வேலை நிச்சயம் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். எந்த மட்டத்துப் போட்டியில் என்ன சான்றிதழ் என்பதைப் பொறுத்தது அது. அத்தை மறக்க மாட்டார்.

கடினமான கேள்வி டவுசர் பற்றியது. இதற்குக் கைவசம் ஒரு உண்மை வைத்துக்கொள்ளுங்கள். மகளிர் கபடி ஆசிய விளையாட்டில் 2010இல் குவாங்சோவில் சேர்க்கப்பட்டது. முதல் இரண்டு முறையும் இந்தியாவுக்குத்தான் தங்கம். 2018இல் ஜகார்த்தா இறுதியாட்டத்தில் இரான் பெண்கள் தலையை மூடி, கைகால் முழுக்க மூடிய உடையில் வந்து 27-24 என்று நம்மைத் தோற்கடித்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். ஆக முழங்கால் தெரிவதும் தெரியாததும் ஆட்டத்தைத் தீர்மானிப்பதில்லை. ஷார்ட்ஸுக்குள் முழுநீள டைட்ஸ் போட்டுக்கொள்ளலாம். மண்ணில் தொடை, முட்டி சிராய்ப்பது குறையும் என்ற லாபமும் உண்டு. கூடம் முழுக்க ஒறம்பரை உட்கார்ந்திருக்கும்போது மட்டும் இந்த விவாதத்தைத் தொடங்காதீர்கள்.

அண்ணன் கிரிக்கெட்டில் முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்தபோது யாரும் கேள்வி கேட்கவில்லையே என்ற வாதம் நியாயமானது. ஆனால் பலிக்காது. அதை விட்டுவிட்டு, காலையில் பாத்திரம் கழுவுவதை அவன் தலையில் கட்டும் வழியைப் பாருங்கள். பயிற்சிக்கு வேண்டிய நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஆடுகளம்

மைதானம் எப்போதும் கிரிக்கெட் பையன்கள் கையில் இருக்கும். "கொஞ்சம் தள்ளி ஆடுங்கடா" என்று தினமும் கெஞ்ச வேண்டாம். உடற்கல்வி இயக்குநரிடம் நேரம் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கி, பந்து அதிகம் வராத மூலையைக் கேளுங்கள். பெண்களுக்கான களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். சுற்றிலும் இரண்டு மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். கம்பிவேலி ஓரமும் சிமெண்டுத் திண்டு பக்கமும் கூடவே கூடாது.

உடுமலை, பொள்ளாச்சிப் பக்கக் கரிசல் காய்ந்தால் கல்லாகி வெடிக்கும். காங்கேயம், தாராபுரம் செம்மண்ணில் சரளை முழங்காலைப் பதம் பார்க்கும். எதுவானாலும் அரை அடி ஆழம் கொத்தி, மண்ணைச் சல்லடையில் சலித்து, கல்லையும் வேலமுள்ளையும் பொறுக்கிவிட்டுத் திருப்பிப் போடுங்கள். மூன்று கூடை மண்ணுக்கு ஒரு கூடை மரத்தூளோ தேங்காய் நார்த்தூளோ கலந்தால் விழும்போது மெத்தென்று இருக்கும். நார்த்தூள் தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கும். அளவு கூடினால் மழைக்குப் பிறகு களம் வழுக்கும், கணுக்கால் பிசகும். முந்தின நாள் சாயங்காலம் லேசாகத் தண்ணீர் தெளித்தால் காலையில் புழுதி பறக்காது.

கோடு போடுவதில் பெண்கள் களத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. பாதிக் களம் 6 மீட்டருக்கு 8 மீட்டர். அதன் மூலைக்கு மூலை அளவு சரியாக 10 மீட்டர். கொத்தனார் மூலைமட்டம் பார்க்கிற 3-4-5 கணக்கின் இரட்டிப்பு. முதலில் 8 மீட்டரில் நடுக்கோட்டை இழுத்து, இரண்டு முனையிலும் குச்சி அடியுங்கள். ஒரு முனையிலிருந்து 6 மீட்டர் கயிறு, மறு முனையிலிருந்து 10 மீட்டர் கயிறு. இரண்டும் தொடுகிற இடம்தான் மூலை. இப்படி நான்கு மூலையும் பிடித்துவிட்டுக் குச்சிகளை மறக்காமல் பிடுங்கிவிடுங்கள். நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டரில் பாக் லைன் (பாடிப் போகிறவர் யாரையும் தொடாவிட்டால் தாண்டியே ஆக வேண்டிய கோடு), அதற்கு அப்பால் ஒரு மீட்டரில் போனஸ் லைன் (தாண்டினால் கூடுதல் புள்ளி தரும் கோடு), இரு பக்கமும் ஒரு மீட்டர் அகலத்தில் லாபி (ஆளைத் தொட்ட பிறகே கால் வைக்கக்கூடிய ஓரப் பட்டை).

கோட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டாம். கண்ணில் பட்டால் ஆபத்து, வேர்வையோடு சேர்ந்தால் தோல் வெந்துவிடும். கோலப்பொடி போதும். "பொம்பளப் புள்ளைக்குக் கோலம் போடத் தெரியணும்" என்று வீட்டில் சொல்லிக்கொடுத்தது கடைசியில் 5 சென்டிமீட்டர் அகலத்தில் கை நடுங்காமல் கோடு இழுக்கத்தான் உதவுகிறது.

உடுப்பு, தலைமுடி, நகை

ஜெர்சி திருப்பூரில் தைக்கக் கொடுங்கள். "லேடீஸ் கட்" என்று சொன்னால் இடுப்பைப் பிடித்து, கையைக் குறைத்துத் தைத்துவிடுவார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் வயிறு தெரியும், அப்புறம் ஆட்டம் முழுக்க ஒரு கை ஜெர்சியை இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கும். ஆண்கள் அளவில் ஒரு சைஸ் சிறியது கேளுங்கள். துணி பாலியெஸ்டராக இருக்கட்டும், காட்டன் வேர்வையைக் குடித்துக் கனத்துப்போகும். தோளிலும் அக்குளிலும் இரட்டைத் தையல் அவசியம். உடையைப் பிடித்து இழுப்பது விதிப்படி தவறுதான், ஆனால் விதி தையலைக் காப்பாற்றாது. ஷார்ட்ஸுக்கு நேவி புளூ அல்லது மெரூன். வெள்ளை, சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஆண் பயிற்சியாளராகத்தான் இருப்பார். மாதவிலக்கு நாளில் கறைக்குப் பயந்தே பாதிப் பேர் ரைடு (எதிர்க்களத்துக்குள் தனியாகப் பாடிப் போவது) போக மாட்டார்கள் என்பதை யாராவது அவரிடம் சொல்ல வேண்டும். அந்த நாளில் ஆடுவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஆளுக்கு இரண்டு வாங்குங்கள். செலவைக் குறைக்கிற இடம் அது அல்ல.

தோடு, மூக்குத்தி, வளையல், கொலுசு எதுவும் களத்துக்குள் கூடாது. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். உடம்பில் எண்ணெய் இருந்தாலும் நடுவர் நிறுத்திவிடுவார். எனவே சனிக்கிழமை ஆட்டம் என்றால் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். தோட்டைக் கழற்றி அம்மா கையில் கொடுப்பது நல்ல உத்தி. அரைப் பவுன் தோட்டைக் காக்கவாவது அவர் கடைசிவரை உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்ப்பார். முடியை ரெட்டைச் சடை போட்டு மடித்துத் துணி ரப்பரால் கட்டுங்கள். ஊசி, கிளிப், பூ வேண்டாம்.

பயிற்சி

முதல் இரண்டு வாரம் விழக் கற்றுக்கொள்வது மட்டும். கீழே போகும்போது கையை நீட்டி ஊன்றுவது எல்லோருக்கும் இயல்பாக வரும், மணிக்கட்டு உடைவதும் அதனால்தான். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முழங்கையை மடக்கி, தோளில் உருளப் பழகுங்கள். பிறகு ஒற்றைக்காலில் குதித்து இறங்குவது. இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் கால்விரல் நேருக்கு இருக்க வேண்டும். முட்டி ஜவ்வுக் காயம் பெண் ஆட்டக்காரர்களுக்குக் கூடுதலாக வருவதால் இதில் சலுகை கிடையாது.

அடுத்தது பாட்டு. ஒரு மூச்சில் "கபடி கபடி" என்பது நடுவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டும் முன்பே தொடங்காவிட்டால் திருப்பி அனுப்பிவிட்டு எதிரணிக்கு ஒரு புள்ளி கொடுப்பார்கள். எதிர்க்களத்தில் பாட்டு விட்டுப்போனால் ரைடர் அவுட். ஒரு புள்ளி சின்ன விஷயம் இல்லை: 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சீனத் தைபேயை வென்று இந்தியப் பெண்கள் தங்கத்தை மீட்டது 26-25 கணக்கில், ஒரே ஒரு புள்ளியில். "மெதுவாப் பேசு புள்ள" என்று பதினெட்டு வருடம் கேட்டு வளர்ந்த தொண்டை முதல் நாள் திறக்காது. ஒருத்தி 12 மீட்டர் தள்ளி முதுகைக் காட்டி நிற்கட்டும். பாட்டுக் கேட்கும்வரை கையைத் தூக்கியிருக்கட்டும், கேட்காதபோது இறக்கட்டும். ரைடு 30 வினாடி. அது முடியும்வரை கை இறங்காமல் இருந்தால் தேர்ச்சி.

மரியாதை இன்னொரு தடை. ஜூனியர் பெண் சீனியரின் கணுக்காலைப் பிடித்துவிட்டு "சாரிங்க்கா" என்று கையைத் தளர்த்துவாள். அந்த நொடியில் சீனியர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவாள். மன்னிப்பெல்லாம் விசில் ஊதிய பிறகு. கூப்பாடும் அப்படித்தான்: "அக்கட்ட போறாங்க, புடிங்க" என்று முடிப்பதற்குள் ரைடர் வீட்டுக்கே போயிருப்பாள். "அக்கட்ட", "புடி", "விடு" என்பதோடு நிறுத்துங்கள். களத்துக்குள் 'ங்க' போடுகிறவர் ஐந்து தண்டால் எடுக்கட்டும்.

கார்னரில் (பிடிக்கிறவர்கள் வரிசையின் ஓரத்தில்) நிற்பவர் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து, தலையை ரைடரின் முட்டிக்கு வெளிப்பக்கம் வைத்து, தன் பக்கம் இழுத்துத் தூக்க வேண்டும். தலை முட்டிக்கு நேரே இருந்தால் மூக்கு போகும். செயின் பிடிக்கும்போது (பக்கத்தில் நிற்பவரோடு கைகோத்து நிற்கும்போது) விரலுக்குள் விரல் கோத்தால் இழுவையில் விரல் முறியும். நான்கு விரலைக் கொக்கியாக வளைத்து ஒன்றுக்குள் ஒன்று மாட்டுங்கள், அல்லது மணிக்கட்டைப் பிடியுங்கள். எடையுள்ளவர்களை கவரில் (வரிசையின் நடுப்பக்கம்) நிறுத்துங்கள். சீனியர் பெண்களுக்கு எல்லை 75 கிலோ. "என்ன அம்மிணி, சதை போட்டுட்ட" என்று ஒறம்பரை சொல்வது நல்ல செய்தியாக இருக்கிற இடம் இது ஒன்றுதான்.

கணுக்கால் பிசகினால் முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு உருவிவிட யாரையும் அனுமதிக்காதீர்கள், வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், காலைத் தூக்கி வைத்தல், ஊன்ற முடியாவிட்டால் எக்ஸ்ரே. அதன் பிறகே கட்டு.

சாப்பாடு சிக்கல் இல்லாதது. ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு அரிசிம்பருப்புச் சோறு, நெய் குறைவாக. ஒரு மணி முன்பு இரண்டு கதலிப்பழம். முடிந்ததும் கடலை உருண்டை, அவித்த முட்டை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு அண்ணனுக்கு இரண்டும் தங்கச்சிக்கு ஒன்றும் வைக்கிற வழக்கத்துக்குக் காரணம் கிடையாது.

போட்டி நாள்

பெண்களுக்கு 15 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 15 நிமிடம். எதிரே 6 பேருக்குக் குறையாமல் நின்றால்தான் போனஸ் செல்லும். புதிய அணி அதைத் துரத்தி அவுட் ஆவதைவிடச் சும்மா பாக் லைனைத் தாண்டித் திரும்புவது மேல். நம் பக்கம் 3 பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரைடரைப் பிடித்தால் ஒரு புள்ளி கூடுதல். ஆள் குறைந்ததும் பயந்து மூலைக்கு ஓடாதீர்கள்.

மைக் பிடிக்கும் அண்ணனுக்கு ஜெர்சி எண்ணும் பெயரும் எழுதிய தாளை முன்பே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஆட்டம் முழுக்க "அந்தச் செவத்த புள்ள பாடி வருது", "வீரமங்கை விழுந்துட்டாங்க" என்றுதான் ஒலிபெருக்கியில் வரும். தாள் இருந்தாலும் "சிங்கப்பெண்" இரண்டு முறையாவது வரும், அதற்கு மருந்து இல்லை. சுற்றி நிற்கும் மாமன்மார் தரும் ஆலோசனைக்கும் காது கொடுக்க வேண்டாம், அதில் பாதி ஆண்கள் களத்துக் கணக்கு.

முதல் சுற்றிலேயே தோற்றாலும் சான்றிதழ் வாங்காமல் கிளம்பாதீர்கள். பெயரும் இனிஷியலும் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி இருக்கிறதா, தேதி, முத்திரை, கையெழுத்து எல்லாம் விழுந்திருக்கிறதா என்று மேசை முன்னாலேயே நின்று பார்த்துவிடுங்கள். பிறகு திருத்த அலைவது பெரும்பாடு.