ஓவன் இல்லாம ஓட்ஸ் பேரீச்சம்பழ உருண்டை

ஒரு கப் ஓட்ஸ எண்ணெயில்லாம சிம்ல 5 நிமிஷம் வறுங்க, வாசம் வந்ததும் இறக்கிடணும், விட்டா கசந்துடும். ஆறினதும் மிக்ஸில ரெண்டு சுத்து, ரவை மாதிரி இருந்தா போதும். அப்புறம் கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் 15, காஞ்ச அத்திப்பழம் 3, கொஞ்சம் உலர் திராட்சை போட்டு விட்டு விட்டு அரைங்க, ஒரேயடியா ஓடவிட்டா மிக்ஸி திணறும் (என்னோடது ஒருதடவை நின்னே போச்சு). பழம் ரொம்ப காஞ்சிருந்தா 10 நிமிஷம் வெந்நீர்ல ஊறவச்சு நல்லா வடிச்சிடுங்க, ஈரம் இருந்தா பிசுபிசுன்னு ஆகி சீக்கிரம் கெட்டுடும். எல்லாத்தையும் கலந்து ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு, உடைச்ச முந்திரி சேர்த்து கையில நெய் தடவி உருட்டுங்க. உதிர்ந்தா ஒரு ஸ்பூன் தேன், சர்க்கரை வேணவே வேணாம். ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் தாங்கும், எங்க வீட்ல ரெண்டு நாள்தான்.